வடசென்னையில் குடியிருப்பதில் அப்படி என்ன சுகம்?

5 ஜனவரி 2025 (ஒரு வாசகரின் கேள்வி)

பாரிமுனையில் வேலை, வேளச்சேரியில் வாடகை வீடு. போய்வருவதற்குள் உயிர் போகிறது. தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு பார்க்கலாமா என்றால் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அங்கேயே பிறந்தவர்களோ வேறு எங்கேயும் வரமாட்டோம் என்கிறார்கள். மெரினா கிடையாது, பெரிய மால் கிடையாது, மரம்கூடக் கம்மி. அப்படி என்னதான் சுகம் அங்கே? பெருமை பேசாமல் யாராவது சொல்லுங்கள்.

5 ஜனவரி 2025, இரவு

தண்டையார்பேட்டைக்காரனிடம் பெருமை பேசாதே என்பது அநியாயம். இருந்தாலும் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சில வருடம் நானும் உங்கள் வேளச்சேரியில் அடுக்குமாடியில் இருந்தவன்தான். நல்ல வீடு. வெளிச்சம், லிஃப்ட், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. ஆனால் சாயங்காலம் வெளியே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. வாக்கிங் என்றால் ஷூ. கடை என்றால் பையும் வண்டிச் சாவியும். ஒன்றும் இல்லாமல் சும்மா கீழே இறங்கி கேட் பக்கம் நின்றால், "என்ன சார், யாராவது வரணுமா?" என்று வாட்ச்மேன் அன்பாகத்தான் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் நிற்கக் கூச்சமாக இருக்கும்.

இங்கே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி ஒன்று உண்டு. அதை ஒட்டி யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்கின் சீட்தான் எங்களுக்கு நாற்காலி. பைக்குச் சொந்தக்காரன் வந்து சாவியைக் காட்டினால் எழுந்துகொள்வோம், அவன் போனதும் அடுத்த பைக். எதிரே பஜ்ஜி போடும் அக்கா ஏழு மணிக்குச் சட்டி வைப்பார். முதல் ஈட்டில் எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்காது, பஜ்ஜி எண்ணெய் குடிக்கும் என்று தெருவுக்கே தெரியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது ஈட்டுக்காகப் பேசிக்கொண்டே நிற்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் எந்த வீட்டில் கல்யாணம், எவன் மகனுக்கு ஹார்பரில் வேலை கிடைத்தது எல்லாம் முடிந்துவிடும். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு எழுந்து போனால், "இன்னா சார், ஆளையே காணோம்? மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கீது?" என்று ஒருவருக்கு மூன்று பேர் கேட்பார்கள்.

ஊர் நல்ல ஊரா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே சோதனை. கையில் இருபது ரூபாயோடு, ஒரு வேலையும் இல்லாமல், வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் இருக்க முடியுமா? யாரும் விரட்டாமல், கூச்சப்படாமல். இங்கே முடியும். டீ குடித்த பிறகு சில்லறை மிச்சமும் இருக்கும்.

6 ஜனவரி 2025

"படத்தில் பார்த்தோமே, எல்லார் கையிலும் கத்தி" என்று கீழே எழுதியவருக்கு: படத்து வடசென்னையில் ஒருவரும் இஸ்திரிக்குத் துணி கொடுப்பதில்லை, ஒரு பிள்ளையும் டியூஷனுக்குப் போவதில்லை, யாரும் இன்சூரன்ஸ் கட்டுவதில்லை. ரவுடிகள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். அவர்களுக்குள் இருக்கிற கணக்கு வழக்கில் நம்மை யாரும் சேர்ப்பதில்லை. வீடு பார்க்கப் போகும்போது நீங்கள் கேட்காமலேயே புரோக்கர் "இங்க பயமே இல்ல சார்" என்று ஆரம்பித்தால் மட்டும் அடுத்த தெருவைப் பாருங்கள்.

8 ஜனவரி 2025

அத்தோவைச் சைனீஸ் நூடுல்ஸ் என்று எழுதியவரை இந்த இழையிலிருந்து நீக்கவேண்டும் என்று முன்மொழிகிறேன்.

அது பர்மாவிலிருந்து வந்த சாப்பாடு. 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஓரிரு வருடத்தில் கடை கண்ணிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் இருந்த தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். வியாசர்பாடியில் குடியமர்ந்தவர்கள் நிறைய. பிழைக்க வழி வேண்டுமே, பாரிமுனைப் பக்கம் கடை போட்டார்கள். 1969இல் பர்மா பஜார் உருவானது. பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் இன்றைக்கும் சாயங்காலமானால் அத்தோ வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

வண்டிக்காரர் கையைப் பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், இடித்த மிளகாய், உப்பு. மேலே மொறுமொறுவென்று இருக்கும் பேஜோ என்ற பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டு அத்தனையையும் கையாலேயே பிசைவார். அடுப்பில் கொதிப்பது வாழைத்தண்டு சூப் மட்டும்தான். கிண்ணம் காலியானால் கேட்காமலே ஊற்றுவார். அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் வறுத்த வெங்காயத்தையும் புளியையும் மிளகாயையும் திணித்துக் கொடுப்பார். அதை ஒரே வாயில் போடவேண்டும். கடித்துச் சாப்பிடுகிறவன் வெளியூர்க்காரன்.

நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸ் அந்தப் பக்கம்தான். வீட்டில் சொல்லவேண்டாம்.

13 ஜனவரி 2025, போகி

"இழை ரொம்ப இனிக்கிறது, எண்ணூரை மறந்துவிட்டீர்களா" என்று ஒருவர் குத்தியிருக்கிறார். மறக்கவில்லை. இன்று காலை ஊர் முழுக்கப் புகை. தெற்கே இருக்கிறவர்கள் கண் எரிகிறது என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். மணலியிலும் எண்ணூரிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தூங்குவதற்குப் போகி வரவேண்டியதில்லை.

2017 ஜனவரி கடைசியில் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெல்லாம் தார் மாதிரி ஒதுங்கியதை ஆட்கள் வாளியில் மொண்டு மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, சதுப்புச் செடி, கொக்கு எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். நகரத்தின் குப்பையில் பெரும்பங்கு கொடுங்கையூரில். மின்சாரம் எடுத்த புகை எண்ணூரில். இது தனியாக எழுதவேண்டிய கோபம்.

கேள்வியில் மெரினா இல்லை என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கும் பதில் இங்கேதான். 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கியது, மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் கோயில்களும் போயின. இன்றைக்கு அங்கே இருப்பது மணற்பரப்பு அல்ல, லாரி லாரியாகக் கொட்டிய பாறாங்கல். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் ஒரு கை மணலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம், அதில் எங்களுடையதும் இருக்கிறது.

14 ஜனவரி 2025

"அப்புறம் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்?" என்று நேற்றே நாலு பேர். பொங்கல் அன்று இப்படிக் கேட்கக் கூடாது. பதில் இருக்கிறது, கரும்பைக் கடித்துவிட்டு வருகிறேன்.

19 ஜனவரி 2025

பதிலுக்குப் பதில் கேரம்.

கேரம் போர்டு இல்லாத தெருவை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. மன்றம் என்று பெயர் இருக்கும். உள்ளே போனால் ஒரு போர்டு, மேலே தகரக் குடை போட்ட ஒரு பல்பு, சுவரில் தலைவர் படம், பெஞ்சில் பத்துப் பேர். ஆடுகிறவர்கள் நாலு பேர்தான், மீதி ஆறு பேர் பேசுகிறவர்கள். பேசுகிறவர்களுக்குத்தான் ஆட்டம் நன்றாகத் தெரியும். "ரெட் காயப் போட்டுட்டு ஃபாலோ இல்லாம முழிக்கிறான் பாரு" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தால் ஆடுகிறவன் கை நடுங்கும். பவுடர் கொஞ்சம் கூடிப்போனால் ஒரு பெரியவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், உள்ளங்கையால் போர்டை ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி போய் உட்காருவார். அவர் கையை எடுத்த பிறகு ஸ்ட்ரைக்கர் போகிற வேகமே வேறு.

மரியா இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது வாங்கியவர். அவர் சென்னைக்காரர். 2008இல் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா வண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரம் விளையாட மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், மெம்பர்ஷிப் வேண்டாம். நாலடிக்கு நாலடி இடமும் வேடிக்கை பார்க்க ஆளும் இருந்தால் போதும். எங்களிடம் ஏராளமாக இருப்பது அந்த இரண்டாவது சரக்கு.

ஏன் இங்கேயே இருக்கிறேன் என்றால், பெஞ்சில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது. நான் ஆடுவதே இல்லை. எனக்கு ஆட வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போனால் நகர்ந்து உட்காருவார்கள்.

2 பிப்ரவரி 2025

என் மகள் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். நேற்றுச் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்க இருபது ரூபா டெஸ்ட்ல நான் பாஸாவேனா?"

"ஏன் ஆக மாட்டே?"

"அந்தப் பைக் சீட்டுல நான் போய் உக்காந்தா என்ன சொல்வாங்க? டீக்கடையில நிக்கவா? மன்றத்துல பெஞ்சுல எனக்கு யாரு நகந்து உக்காருவாங்க?"

இளவழகி இருக்கிறாரே, காசிமா இருக்கிறாரே என்றேன். "அவங்க ஜெயிக்கறதுக்காகப் போனாங்க. உங்கள மாதிரி ஆடத் தெரியாம சும்மா உக்கார்ற பொண்ணு ஒருத்தியக் காட்டுங்க" என்றாள். காட்ட முடியவில்லை.

பெண்கள் தெருவில் இல்லை என்று சொல்லவும் முடியாது. என் அம்மா காலத்திலிருந்து வாசற்படி அவர்களுடையது. பூ கட்டுவது, அரிசி புடைப்பது, பேன் பார்ப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் படியில்தான். மீன் கூடைக்கார அம்மாக்கள் ஊரையே அதட்டுவார்கள். பஜ்ஜிக்கார அக்காவிடம் வாலாட்ட எவனுக்கும் தைரியம் கிடையாது. ஆனால் கவனித்தால் எல்லோர் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. கை காலியாக, சும்மா, வெளியே இருக்கிற உரிமை ஆண்களுக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. நான் சொன்ன சோதனையில் "ஒரு வேலையும் இல்லாமல்" என்ற பகுதிதான் எனக்கு முக்கியம், அங்கேயே அவள் பிடித்துவிட்டாள்.

அவளுக்கு எது சந்தோஷம் என்று கேட்டேன். மெட்ரோ என்றாள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்தபோது அவள் பள்ளிக்கூடம். இப்போது கல்லூரி முடிந்து தோழிகளோடு ஸ்டேஷனுக்குள் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்களாம். வெளிச்சம் இருக்கிறது, ஏசி இருக்கிறது. "முக்கியமா, யாரும் 'நீ அவரு பொண்ணுதானே' என்று கேக்கறதில்லப்பா."

எனக்குச் சுகமாக இருப்பது எல்லோரும் விசாரிப்பது. அவளுக்குச் சுகம் ஒருவரும் விசாரிக்காதது. ஒரே வீடு, ஒரே தெரு.

3 பிப்ரவரி 2025

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சொன்னது: "நீங்க ரெண்டு பேரும் எங்கியாவது வெளியே போங்க. வீட்ல நான் தனியா இருக்கறதுதான் எனக்கு சந்தோஷம்." பதிவு செய்துகொள்ளச் சொல்லி உத்தரவு. செய்தாயிற்று.

16 பிப்ரவரி 2025

பெரம்பூர்க்காரர் ஒருவர் நீளமாக எழுதியிருப்பதன் சாரம்: "வீடு சின்னது. நூற்றைம்பது சதுர அடியில் ஆறு பேர். உள்ளே உட்கார இடமில்லாமல் வெளியே உட்காருகிறீர்கள். அதற்குப் பண்பாடு என்று பெயர் வைக்கிறீர்கள். எல்லோருக்கும் இரண்டு பெட்ரூம் கொடுத்துப் பாருங்கள், தெரு காலியாகிவிடும்."

இந்த இழையில் வந்ததிலேயே கனமான அடி இதுதான். பாதிக்கு மேல் உண்மை. எங்கள் வீட்டு மாடியைக் கட்டிய பிறகு நானே முன்னளவு கீழே இறங்குவதில்லை.

மீதியைச் சொல்கிறேன். சின்ன வீடு ஊரெங்கும் இருக்கிறது. இங்கே கூடுதலாக இருந்தது ஷிஃப்ட். பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப், பின்னி துணி மில்கள், துறைமுகம், 1955இலிருந்து ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை. மில் சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் வெளியே வரும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்கு விடியற்காலையில் டீயும் நாஷ்டாவும் வேண்டும். அவன் தூங்கி எழுந்து மத்தியானம் தெருவில் உட்காரும்போது அடுத்த வீட்டுக்காரன் வேலைக்குக் கிளம்புவான். அதனால் எந்த நேரத்திலும் தெருவில் ஆள், எந்த நேரத்திலும் கடை. கூடினால் பேச்சு வரும், பேச்சு வந்தால் சம்பளமும் வரும். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது பெரம்பூரில், அந்த மில் ஆட்களை வைத்துத்தான். தொழிலாளர் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பேசினார்கள். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே நின்று கேட்பது இங்கே பழைய பழக்கம்.

பின்னி 1996இல் மூடிவிட்டது. சங்கு நின்று எத்தனையோ காலமாகியும் டீக்கடைக்காரர் இன்னும் நாலு மணிக்கே பாலை ஏற்றுகிறார். இது எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் பெரம்பூர்க்காரரோடு எனக்குச் சண்டை. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967இல் திறந்து 2020இல் மூடியது. சட்டை கிழிய டிக்கெட் வாங்கிய ஜனங்கள் அவரவர் வீட்டு டிவிக்குப் போய்விட்டார்கள். தெருவுக்கும் அந்தக் கதி வரலாம் என்று அவர் சொல்கிறார். நான் மன்றத்து பெஞ்சைக் காட்டுகிறேன். அவர் பெஞ்சில் இருக்கிறவர்களின் வயதைக் கேட்கிறார்.

17 பிப்ரவரி 2025

ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: 1856, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், வாலாஜா ரோடு வரை. எழுதியாயிற்று. அதே ரயிலால் கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி போகும்வரை நின்று நின்று எங்கள் ஆயுள் குறைந்ததையும் சேர்த்தே எழுதவேண்டும். கேட் விழுந்ததும் வேர்க்கடலைக்காரர் வந்துவிடுவார். வண்டிகள் எல்லாம் இன்ஜினை அணைக்கும். முன்பின் தெரியாத ஆள் பக்கத்து வண்டியிலிருந்து, "கூட்ஸா, நைனா? எத்தினி பெட்டி?" என்று கேட்பார். ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் மாட்டிக்கொண்டு அலறும்போது மட்டும் அந்தப் பேச்சு நிற்கும். இதைச் சுகத்தில் சேர்ப்பதா கஷ்டத்தில் சேர்ப்பதா? ஆம்புலன்ஸுக்காகக் கஷ்டத்தில்.

9 மார்ச் 2025

கிட்டத்தட்ட மூன்று வாரமாக இழை தூங்கிவிட்டது. நல்ல மாதத்தில் எழுப்புகிறேன். ரமலான், கூடவே திருவொற்றியூரில் மாசித் திருவிழா.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளி வரிசையைப் பாருங்கள். நோன்புக் கஞ்சிக்கு நிற்கிற வாளிகளில் பாதி நோன்பு இல்லாத வீடுகளுடையவை. எங்கள் வீட்டு வாளியும் உண்டு. எந்த வாளி யாருடையது என்று ஊற்றுகிற பாய்க்குத் தெரியும். "உங்க வூட்ல பாட்டிக்கு ஒடம்பு எப்டிக் கீது?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

திருவொற்றியூரில் மகிழடி சேவை. சுந்தரர் சங்கிலியாரை மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கட்டிக்கொண்ட கதை. உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம், பிறகு திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பிவிட்டார், ஊர் எல்லை தாண்டியதும் கண் போயிற்று. திருவொற்றியூரை விட்டுப் போகிறவர்களுக்கு இதுதான் கதி என்று என் பாட்டி சொல்வாள். வேளச்சேரிக்குக் குடிபோனபோது எனக்கும் மூக்குக் கண்ணாடி வந்தது. டாக்டர் வயதைக் காரணம் சொன்னார்.

30 மார்ச் 2025

வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்டிருந்த விவரங்கள், ஒரேயடியாக.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று சட்டம். பத்து மாதம் கேட்பார்கள். பேசினால் இறங்குவார்கள், தெருவில் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் இறங்குவார்கள். வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்ற கேள்வி இங்கே அதிகம் வராது. சவுகார்பேட்டையிலும் இன்னும் சில தெருக்களிலும் வரும். என்ன ஆள் என்று சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வி வடசென்னையிலும் உண்டு, இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். வேறு மதக்காரர்கள், தனியாக இருக்கும் பெண்கள் எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் முக்கியம். போர்வெல் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்து பாருங்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகும் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. வாளியில் மேலாக மிதந்ததைப் பார்த்தவன் நான். மெட்ரோ வாட்டர் லாரி தெருவுக்குள் நுழையுமா என்று பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள். சுவரில் தொட்டே காட்டுவார்கள்.

வாசற்படியில் யாராவது உட்கார்ந்திருக்கிற தெருவாகப் பாருங்கள். மகள் பக்கத்தில் நின்று, "மெட்ரோவுக்கு நடக்கிற தூரமான்னும் போடுப்பா, வழியில லைட் எரியுதான்னு பாக்கச் சொல்லு" என்கிறாள். போட்டாயிற்று.

18 ஏப்ரல் 2025

"தடைக்காலம் வந்துவிட்டது, இனி காசிமேட்டில் என்ன இருக்கிறது" என்று ஒருவர் பெருமூச்சு விட்டிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத்தான் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம், விட்டுவைத்தால்தான் அடுத்த வருடம் இருக்கும். ஃபைபர் படகுகள் பக்கத்துக் கடலுக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. வரத்து குறைவு, விலை கூடுதல். ஆனால் வருவது அன்றைக்குப் பிடித்தது.

வஞ்சிரம் கேட்காதீர்கள். இப்போது பெரிய வஞ்சிரம் கிடைத்தால் அது ஐஸில் பல நாள் கிடந்ததாகவோ வேறு கரையிலிருந்து லாரியில் வந்ததாகவோ இருக்கும். சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி வாங்குங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கவேண்டும். கண் மங்கியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். சொன்ன விலையில் கால்வாசி குறைத்துக் கேளுங்கள். திட்டுவார்கள், அது விலையோடு சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மேல் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம், மீனைப் பார்க்க முடியாது.

வெட்டித்தர ஓரமாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். துண்டு எத்தனை கனம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். தலை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வெட்டுகிற அக்கா கத்தியை நிறுத்திவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், அப்புறம் அடுத்த வாரமும் அடையாளம் வைத்திருந்து கேட்பார்.